மூன்று மணிநேரத் தேடல்

அறுவை மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ப்ராஸ்டேட் சுரப்பியை நுண்துளைகள் வழியே அகற்றும் ரோபோவைப் பற்றிப் பேசுகையிலும் இயந்திரக் கைகளே நம் நினைவுக்கு வருகின்றன. அக்கைகளுக்கு வழிகாட்டும் அறிவோ எந்த இயந்திரமும் இன்றிப் பிறந்தது.

புற்றுநோய் கண்ட ப்ராஸ்டேட்டை முழுமையாக அகற்றும் அறுவையை 1904இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் செய்தார். 1940களில் டெரன்ஸ் மில்லின் அடிவயிற்றின் வழியே சுரப்பியை அணுகும் முறையை வகுத்தார். நோய் நீங்கியது, விலை பெரிதாக இருந்தது. அறுவைக்குப் பின் ஏறத்தாழ எல்லா ஆண்களும் புணர்ச்சித் திறனை இழந்தனர். சிறுநீரை அடக்க இயலாமல் போனவர்களும் உண்டு. இன்பத்துக்குரிய நரம்புகள் சுரப்பியினூடே செல்கின்றன, நோயோடு அவையும் போகத்தான் வேண்டும் என்பதே அன்றைய நம்பிக்கை.

1981 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பேட்ரிக் வால்ஷ் நெதர்லாந்தின் லைடன் நகருக்குச் சென்றார். அங்கே ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கர், இறந்து பிறந்த ஓர் ஆண் சிசுவின் உடலில் சிறுநீர்ப்பை நரம்புகளைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். முதிர்ந்த உடலில் கொழுப்பும் நார்த்திசுவும் மறைத்துவிடுபவை சிசுவின் உடலில் தெளிவாகத் தெரியும். ஆண்குறிக்குச் செல்லும் நரம்புகள் எங்கே என்று வால்ஷ் கேட்டார். டோங்கர் அவற்றைத் தேடியதே இல்லை. இருவரும் சேர்ந்து தேடினர். மூன்று மணிநேரத்தில் விடை கிடைத்தது: அந்நரம்புகள் சுரப்பியின் உறைக்கு வெளியே ஓடின!

1982 ஏப்ரலில் நரம்புகளைக் காத்து வால்ஷ் முதல் அறுவையைச் செய்தார். எழுபத்தெட்டு ஆண்டுகளாக விதி எனப்பட்டது, உண்மையில் அறியாமையே.

ரோபோ வந்தது 2000இல். ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட்டில் யோகன் பிண்டர் தொடங்கிவைக்க, புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் பயின்ற மணி மேனன் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சியும், மணிக்கட்டுபோல் வளையும் கருவிகளும் மருத்துவருக்கு வாய்த்தன. ஆயினும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த ஒப்பாய்வு 2018இல் வெளியிட்ட முடிவு நிதானமானது. ரோபோ முறையில் குருதி இழப்பு குறைவு. ஆனால் இரண்டாண்டுகளுக்குப் பின் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் புணர்ச்சித் திறனிலும் திறந்த அறுவைக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இயந்திரத்தை இது சிறுமைப்படுத்துவதாகாது. எதைத் தொடக் கூடாது என்பதை அந்தக் கைகள் இன்றும் லைடனிலிருந்தே கற்கின்றன.