பெற்றோரைக் காக்கச் சட்டம் வந்த கதை

"அந்தக் காலத்தில் பிள்ளைகள் பெற்றோரைத் தெய்வமாக வைத்துப் பார்த்தார்கள். இப்போதுதான் சட்டம் போட்டு மிரட்ட வேண்டியிருக்கிறது." மூத்தோரைப் பற்றிய எந்தக் கலந்துரையாடலிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. கைதட்டலும் கிடைத்துவிடும். ஆனால் சிங்கப்பூரின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், இது பாதி உண்மைகூட இல்லை என்பது தெரியவரும்.

அந்தக் காலம் என்று நாம் சொல்வது எந்தக் காலம்? நம் பாட்டனார்கள் இங்கு வந்தபோது பெரும்பாலும் தனி ஆட்களாகவே வந்தார்கள். மனைவி மக்கள் ஊரில் இருந்தார்கள். துறைமுகத்திலும் நகராண்மைக் கழகத்திலும், பின்னாளில் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் உழைத்தவர்களில் பலருக்கு முதுமை என்றால் கப்பலேறி ஊர் திரும்புவது என்றுதான் பொருள். 1907ஆம் ஆண்டில் சட்டம் இயற்றித் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றை ஆங்கிலேயர்கள் ஏற்படுத்தினார்கள். முதலாளிகளிடம் வசூலித்த அந்தப் பணத்தில்தான் மலாயாவுக்கு ஆள் கொண்டுவந்தார்கள். உழைக்க முடியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பும் செலவும் அதிலிருந்தே போனது. ஆக, காலனித்துவ ஆட்சி நம்மவர்களுக்குத் தந்த முதுமைக்காலப் பராமரிப்பு ஒரு கப்பல் டிக்கெட்!

ஊரில் யாரும் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? சீனர்களில் அப்படிப்பட்டவர்கள் சாகோ லேனில் இருந்த 'மரண வீடு'களில் கடைசி நாட்களைக் கழித்தார்கள். அரசாங்கம் 1961ஆம் ஆண்டில் அவற்றைத் தடை செய்தது. இந்தியச் சமூகத்தில் 1948ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ரீ நாராயண மிஷன், எழுபதுகளின் இறுதியில் நோயுற்ற முதியோருக்காக ஓர் இல்லத்தைத் திறந்தது. எல்லாரும் பெற்றோரைத் தெய்வமாக வைத்துக்கொண்டிருந்தால் இவற்றுக்கெல்லாம் தேவையே வந்திருக்காது.

இனி பணத்துக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி மத்திய சேமநிதி தொடங்கியபோது, தொழிலாளி சம்பளத்தில் 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் செலுத்தினார்கள். 55 வயதில் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம். சராசரி ஆயுள் அறுபதைச் சுற்றி இருந்த காலத்தில் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. ஆயுள் நீண்டதும் கணக்கு உதைத்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு 1984ஆம் ஆண்டில் தந்த அறிக்கை, பணம் எடுக்கும் வயதை 60க்கும் பிறகு 65க்கும் உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. மக்கள் கொதித்துப் போனார்கள். "என் பணத்தை நான் எப்போது எடுப்பது என்று நீ சொல்வதா?" என்பதுதான் காப்பிக் கடைகளில் பேச்சு. அந்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் வாக்கு 77.7 விழுக்காட்டிலிருந்து 64.8 விழுக்காட்டுக்குச் சரிந்தது. பட்டதாரித் தாய்மார் திட்டம் போன்ற வேறு காரணங்களும் அதில் உண்டு. ஆனாலும் அரசாங்கம் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. மாறாக 1987ஆம் ஆண்டில் குறைந்தபட்சத் தொகைத் திட்டம் வந்தது. 30,000 வெள்ளியை நிறுத்திவைத்துவிட்டு மிச்சத்தை 55 வயதில் எடுக்கலாம் என்றார்கள். வாசல் வழியாக நுழைய முடியாதது சன்னல் வழியாக வந்தது என்று அன்று கேலி செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மொத்தப் பணத்தையும் எடுத்துப் பிள்ளையின் வியாபாரத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு நின்ற தகப்பன்மாரை நாம் பார்த்ததில்லையா?

பணம் தீர்ந்த பிறகு அந்தத் தகப்பன் யாரிடம் போவார்? இந்தக் கேள்விதான் 1994ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் அமைச்சர் அல்லர். சட்டப் பேராசிரியரும் நியமன நாடாளுமன்ற உறுப்பினருமான வால்டர் வூன். பின்னாளில் தலைமைச் சட்ட அதிகாரியாகவும் பணியாற்றியவர். 60 வயதைக் கடந்து, தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டு நடுவர் மன்றத்தை நாடலாம் என்பதே அந்த மசோதாவின் சாரம்.

எதிர்ப்பு பலமாகவே இருந்தது. பாசத்தைச் சட்டத்தால் கறக்க முடியுமா, வழக்குக்குப் போன பிறகு தகப்பனும் மகனும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்களா, நம் பண்பாட்டுக்கு இது தலைகுனிவு இல்லையா என்றெல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் வாங்கித் தந்தபோது, தாம்பத்தியத்தில் பாசம் வற்றிவிடும் என்று யாரும் அதைக் கிழித்துப் போடவில்லை. பெற்றோர் என்று வந்தபோது மட்டும் ஏன் இத்தனை கூச்சம்? கைவிடப்பட்ட தாய்க்கு வேண்டியது மாதாந்தரச் செலவுக்குப் பணம். பாசத்தை யாரும் ஆணை போட்டு வாங்கப் போவதில்லை.

மசோதா தெரிவுக்குழுவுக்குப் போய், மாற்றங்கள் பெற்று, 1995ஆம் ஆண்டு நவம்பரில் நிறைவேறியது. சுதந்திரத்துக்குப் பிறகு தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்து பொதுச் சட்டமான முதல் மசோதா அது. நடுவர் மன்றம் 1996ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கியது. அங்கே வழக்கறிஞர் வாதாடுவதில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் நேருக்கு நேர் பேச வேண்டும். பிள்ளையின் வருமானம், அவருடைய குடும்பச் செலவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் தொகை தீர்மானிக்கப்படும்.

இது சிங்கப்பூரின் விசித்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டமே முதிய பெற்றோரைக் காக்கும் கடமையைப் பிள்ளைகள்மீது வைத்துவிட்டது. அங்கே மூத்த குடிமக்களுக்கென்றே தனிச் சட்டம் 2007ஆம் ஆண்டில் வந்தது.

இங்கே சட்டம் அத்தோடு நிற்கவில்லை. 2010ஆம் ஆண்டில் சியா கியன் பெங் கொண்டுவந்த திருத்தம், நடுவர் மன்றத்துக்குப் போகுமுன் சமரசப் பேச்சைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலான குடும்பங்களுக்கு வேண்டியதும் அதுதான். வீட்டுக்குள் பேச முடியாததை மூன்றாவது மனிதர் முன்னால் பேசுவது. அதன் பிறகு எழுந்தது இன்னும் சங்கடமான கேள்வி. குடித்துவிட்டு அடித்த தகப்பன், சிறு வயதிலேயே விட்டுவிட்டு ஓடிப்போன தகப்பன், முப்பது ஆண்டு கழித்து வந்து "மகனே, காசு கொடு" என்றால்? பிள்ளை அதை எடுத்துச்சொல்லித் தற்காத்துக்கொள்ள 1995ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இடம் இருந்தது. ஆனால் அதற்காகப் பழைய புண்ணை மன்றத்தில் கிளற வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பிள்ளையைத் துன்புறுத்திய அல்லது கைவிட்ட வரலாறு உள்ள பெற்றோர் முதலில் நடுவர் மன்றத்தின் அனுமதி பெற்றாக வேண்டும். பெற்றவர் என்பதாலேயே எல்லாம் மன்னிக்கப்படும் என்ற நம் பழைய நினைப்புக்கு இது கசப்பு மருந்து. எனக்கு அது சரியென்றே படுகிறது.

பராமரிப்புச் செலவுக்கு 2002ஆம் ஆண்டில் வந்த எல்டர்ஷீல்டு மாதம் 300 வெள்ளி, அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் தந்தது. 2020ஆம் ஆண்டில் வந்த கேர்ஷீல்டு லைஃப் 600 வெள்ளியில் தொடங்கி, கடுமையான உடற்குறை நீடிக்கும் வரை தருகிறது. தாதிமை இல்லத்துக்கோ பணிப்பெண்ணுக்கோ அது முழுவதும் போதாது என்பதை வீட்டுக் கணக்கு எழுதுபவர்கள் அறிவார்கள்.

நம் குடும்பங்கள் அதிகம் சறுக்குவது இன்னோர் இடத்தில். தகப்பனாருக்கு முதுமை மறதி நோய் வந்துவிடுகிறது. வங்கியில் அவர் பெயரில் பணம் இருக்கிறது. மகனால் ஒரு வெள்ளி எடுக்க முடியவில்லை. முன்பெல்லாம் இதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். 2008ஆம் ஆண்டில் நிறைவேறி 2010 மார்ச்சில் நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டம், எல்பிஏ எனப்படும் நிரந்தர அதிகாரப் பத்திரத்தைக் கொண்டுவந்தது. தெளிவாக இருக்கும்போதே, எனக்குப் பின்னால் முடிவெடுப்பவர் இவர் என்று எழுதி வைக்கலாம். அது இல்லாவிட்டால் குடும்பம் நீதிமன்றத்தில் மனுப்போட்டு, செலவழித்து, காத்திருக்க வேண்டும். யாரை நியமிக்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. சீனாவிலிருந்து வந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவர், வசதி படைத்த மூதாட்டி ஒருவரின் எல்பிஏயில் பொறுப்பாளராகி, அவருடைய பணத்தில் 1.1 மில்லியன் வெள்ளியைக் கையாடியதற்காக 2016ஆம் ஆண்டில் சிறை சென்றது பலருக்கு நினைவிருக்கும்.

உயில் எழுதினால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. மத்திய சேமநிதிப் பணம் உயிலுக்குக் கட்டுப்படாது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். செய்த நியமனமும் திருமணத்தோடு ரத்தாகிவிடும். இரண்டும் இல்லாமல் மகன் இறந்துவிட்டால், 1967ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் சொத்தில் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. அவரையே நம்பியிருந்த தாய்க்கு ஒன்றும் இல்லை. முஸ்லிம் குடும்பங்களில் பாகப்பிரிவினை வேறு, அங்கே தாய்க்குப் பங்கு உண்டு. மற்றவர்களின் தாய் பெற்றோர் பராமரிப்பு நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்றால், அங்கே பிள்ளைகளிடம்தான் கேட்க முடியும். மருமகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை.