இலைக்கு ஒரு சட்டம், பூவுக்கு ஒரு சட்டம்

சென்ற ஆண்டு அலகுகளும் அளவீடுகளும் என்ற பாடத்தை முடித்த நாளன்று, சடையங்குப்பத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் வகுப்புக்குப் பின் என்னிடம் வந்தான். மணலிக்கும் எண்ணூருக்கும் இடையே, பூண்டி நீர்த்தேக்கத்தைத் திறந்துவிட்டால் கொசஸ்தலையாற்று வெள்ளம் வந்து சூழ்ந்துகொள்ளும் ஊர் அது. அவனுடைய மாமா லாரி ஓட்டுகிறார். காசிக்குப் பாரம் ஏற்றிச் சென்றவர், அங்கே கடைத்தெருவில் அரசு அனுமதி பெற்ற பாங்குக் கடை என்று பலகை தொங்குவதையும், மக்கள் கூச்சமின்றி நின்று வாங்குவதையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

“பாங்கும் கஞ்சாவும் ஒரே செடிதானே, சார்? எங்க தெருப் பையன் ஒருத்தன் கஞ்சா வழக்குல புழல் சிறைக்குப் போய் வந்தான். இன்னும் கோர்ட்டுக்கு அலையறான். மாமா அங்கே ஒரு பொட்டலம் வாங்கி வண்டியில போட்டுக்கிட்டு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?”

கேள்வி சட்டத்தைப் பற்றியது; நானோ இயற்பியல் ஆசிரியன். தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டுச் சில வாரங்கள் பழைய அறிக்கைகளையும் சட்ட நூல்களையும் புரட்டினேன். கேள்வி பாடத்துக்குப் புறம்பானதே அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. எதை நிறுக்கிறோம், எதை அளக்கிறோம் என்பதில்தான் விடை அடங்கியிருந்தது.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கிலேயர் ஹெம்ப் என்பதைச் சிலர் சணல் என்று மொழிபெயர்க்கிறார்கள். கோணி நெய்யும் சணல் வேறு. பசுந்தாள் உரமாக மடக்கி உழும் சணப்பை வேறு. இவ்விரண்டுக்கும் கஞ்சாவோடு உறவில்லை. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். நாருக்காக நெருக்கி விதைத்து வளர்த்தால் அதற்கு ஹெம்ப் என்று பெயர். பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கயிறும் பாயும் அந்த நாரில்தான் செய்தார்கள். அதே செடியைப் போதைக்காக வளர்த்தால் கஞ்சா.

பெண்செடியின் பூக்கதிர்களில் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்கள் ஒருவகைப் பிசினைச் சுரக்கின்றன. போதை தரும் பொருள் அதில் இருக்கிறது. அதனைத் தூய நிலையில் பிரித்து, அதன் அமைப்பையும் 1964-இல் வெளியிட்டவர்கள் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும். டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்ற நீண்ட பெயரைச் சுருக்கி டி.எச்.சி. என்கிறோம். இது பூவில் மிகுதி, இலையில் குறைவு. விதைக்குள்ளும் தண்டின் நாரிலும் அநேகமாக இல்லை. பிரித்தெடுத்த பிசினில் மிக மிகுதி.

ஆகவே 1964-க்கு முன் சட்டம் எழுதியவர்களுக்கு மூலக்கூறு தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது செடியின் உறுப்புதான். 1893-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியின் விளைவாக, மக்வொர்த் யங் என்பவர் தலைமையில் ஏழு பேர் கொண்ட கமிஷன் ஒன்று இந்தியாவில் அமைக்கப்பட்டது. உறுப்பினர்களில் மூவர் இந்தியர். சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் 1,193 சாட்சிகளை விசாரித்து, பல தொகுதிகள் கொண்ட அறிக்கையை அது 1894-இல் அளித்தது. இலை பாங்கு, பூக்கதிர் கஞ்சா, பிசின் சரஸ் என்று மக்கள் வழக்கில் இருந்த மூன்று பிரிவுகளையே கமிஷனும் கைக்கொண்டது. முழுத் தடை தேவையுமில்லை, உகந்ததுமில்லை. வரி விதித்துக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது அதன் பரிந்துரை. இந்திய உறுப்பினர் இருவர் இதற்கு உடன்படவில்லை.

அந்த அறிக்கையில் என்னைக் கவர்ந்தது வேறொரு பகுதி. பைத்தியத்துக்குக் கஞ்சா முக்கியக் காரணம் என்று அக்கால மனநோய் மருத்துவமனைகளின் புள்ளிவிவரங்கள் காட்டிவந்தன. கமிஷன் 1892-ஆம் ஆண்டுப் பதிவுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. நோயாளியைக் கொண்டுவந்த போலீஸார் சொன்னது, அல்லது வேறு காரணம் தெரியாதபோது வழக்கமாக எழுதுவது, இதுவே பல இடங்களில் காரணம் என்ற பத்தியில் ஏறியிருந்தது. விடையை முதலில் எழுதிவிட்டு அளவீட்டைப் பிறகு நிரப்பும் ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளை ஆண்டுதோறும் திருத்துகிற எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

இலை, பூ, பிசின் என்ற அந்தப் பாகுபாடு நீண்ட ஆயுள் பெற்றது. 1961-இல் ஐக்கிய நாடுகள் சபையில் உருவான போதை மருந்து ஒப்பந்தம், பூக்கதிரோடு சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்ற வரையறையிலிருந்து விலக்கியது. இந்தியா 1985-இல் கொண்டுவந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டமும் அதையே பின்பற்றியது. அந்த ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி முதல் நாடெங்கும் பூவும் பிசினும் குற்றம். தனி இலை மத்தியச் சட்டத்தின் பிடிக்கு வெளியே நின்றது. அந்த இலையில் உள்ள டி.எச்.சி.யோ, அதே சட்டத்தின் அட்டவணையில் தனிப் பொருளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது! மூலக்கூறு உள்ளே, அதைச் சுமக்கும் இலை வெளியே.

வெளியே நின்ற இலையை என்ன செய்வது என்பது மாநிலங்களின் பொறுப்பாயிற்று. போதைப் பொருள்களின் மீதான ஆயத்தீர்வை அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 51-ஆம் பதிவாக இருக்கிறது. உத்தரப் பிரதேசமும் ராஜஸ்தானும் உரிமம் வழங்கிப் பாங்கு விற்க விடுகின்றன. அஸ்ஸாமில் கஞ்சாவையும் பாங்கையும் தடைசெய்ய 1958-லேயே தனிச்சட்டம் வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2022-இல் ஒரு ஜாமீன் மனுவில், பாங்கு மத்தியச் சட்டத்தில் தடுக்கப்பட்ட பொருளல்ல என்று கூறியது. நமது மாநிலத்தின் கதை 1937-இல் தொடங்குகிறது. ராஜாஜி முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்திய மதுவிலக்குச் சட்டம் கள், சாராயத்தோடு நிற்கவில்லை; கஞ்சாச் செடியின் இலையையும் மயக்கப் பொருளாகச் சேர்த்துக்கொண்டது. மதுக்கடைகள் திறந்து, மூடி, மீண்டும் திறந்த பிறகும் அந்தச் சொற்கள் சட்டத்தில் இருக்கின்றன. ஆக, மாமாவின் பொட்டலம் காசியில் சரக்கு. நம் மாநில எல்லைக்குள் நுழைந்தால் குற்றம்.

மேல்நாட்டில் உறுப்பை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். 1976-இல் கனடாவின் தாவரவியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்மாலும் அமெரிக்கரான ஆர்தர் கிரான்க்விஸ்டும் கஞ்சாச் செடியை வகைப்படுத்தியபோது, இலையின் உலர் எடையில் 0.3 சதவிகிதம் டி.எச்.சி. என்பதை எல்லைக்கோடாக வைத்தார்கள். செடிகளைத் தரம்பிரிக்க வசதியாகத் தாமே வகுத்துக்கொண்ட கோடு இது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. போதைக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் எண் என்று ஒன்று கிடைத்துவிட்டால் சட்டம் அதை விடுமா? 2018-இல் அமெரிக்காவின் வேளாண் சட்டம், டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவிகிதத்துக்கு மேற்படாத கஞ்சாச் செடியெல்லாம் ஹெம்ப், அது போதைப் பொருளல்ல என்று அறிவித்தது.

இங்கே சிறிது கணக்குப் போடுவோம். 0.3 சதவிகிதம் என்பது செறிவு; அளவல்ல. நான்கு கிராம் எடையுள்ள ஒரு மிட்டாயில் 0.3 சதவிகிதம் என்றால் 12 மில்லிகிராம். ஆராய்ச்சிக்கு ஒரு அலகு என்று அமெரிக்க அரசின் போதை ஆராய்ச்சி நிறுவனம் 2021-இல் வைத்ததே 5 மில்லிகிராம்தான். மிட்டாயைக் கனமாக்கினால் போதும், எவ்வளவு போதையும் சட்டப்படி ஹெம்ப் ஆகிவிடும்! வேதியியலார் இன்னொரு வழியும் கண்டார்கள். செடியில் போதை தராத கன்னாபிடியால் என்ற பொருள் ஏராளம். அதற்கும் டி.எச்.சி.க்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே: கார்பன் 21, ஹைட்ரஜன் 30, ஆக்சிஜன் 2. அமிலத்தோடு வினைபுரியச் செய்தால் அது டெல்டா-8 டி.எச்.சி.யாக மாறும். ஒரு இரட்டைப் பிணைப்பின் இடம் மட்டும் தள்ளியிருக்கிறது. போதை சற்றுக் குறைவு, சட்டத்தில் பெயர் இல்லை.

பெட்ரோல் நிலையங்களில்கூட இவை விற்பனைக்கு வந்தன. மாநிலங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. மின்னசோட்டா 2022-இல் ஒருமுறை உண்பதற்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு கட்டி அனுமதித்தது. கலிபோர்னியா 2024-இல், ஹெம்ப் உணவில் டி.எச்.சி. தென்படவே கூடாது என்று அவசர விதி போட்டது. டெக்ஸாஸில் சட்டசபை 2025-இல் தடை நிறைவேற்ற, ஆளுநர் அதை ரத்துச் செய்தார். கடைசியில் 2025 நவம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டம், ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வரும்படி, ஒரு கொள்கலனுக்கு மொத்தம் 0.4 மில்லிகிராம் என்று விதித்தது. செறிவுக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடு சட்டத்துக்குப் புரிய ஏழு ஆண்டுகள் பிடித்தன.

இந்தியாவிலும் எண் நுழைந்துவிட்டது. உத்தராகண்ட் 2018-இல் அதே 0.3 சதவிகிதத்தை வைத்து ஹெம்ப் பயிரிட உரிமம் தரத் தொடங்கியது. 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதையை உணவாக ஏற்றது; அதில் டி.எச்.சி. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. 0.3 சதவிகிதம் என்றால் கிலோவுக்கு 3,000 மில்லிகிராம். ஒரே நாட்டில் ஒரே செடிக்கு அறுநூறு மடங்கு வேறுபட்ட இரண்டு கோடுகள்! ஒன்று வயலுக்கு, மற்றது வாய்க்கு என்பதால் இது நியாயமே. இலையின் சாற்றையோ விஜயா என்ற பெயரில் ஆயுர்வேத உரிமத்தோடு விற்கிறார்கள்.

ஆனால் கைதானவருக்கு எண் உதவுவதில்லை. கஞ்சா வழக்கில் டி.எச்.சி. எவ்வளவு என்று பார்ப்பதில்லை, தராசுதான் பேசும். 1 கிலோ வரை சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, பத்திலிருந்து இருபது ஆண்டு. இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை. கலப்படத்தின் எடையைச் சேர்க்கலாமா என்ற கேள்வி ஹெராயின் வழக்கு ஒன்றில் எழுந்தது. பிடிபட்டது சுமார் 4 கிலோ. தூய ஹெராயின் சுமார் 60 கிராம். தூய பொருளைத்தான் கணக்கிட வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-இல் ஹீரா சிங் வழக்கில் மூவர் அமர்வு அதை மாற்றி, கலவையின் முழு எடையே கணக்கு என்றது.

கஞ்சாவில் சிக்கல் இன்னும் நுட்பமானது. பூக்கதிரோடு சேர்ந்த இலை கஞ்சா. சேராத இலை கஞ்சா அல்ல. ஒரு மூட்டையில் இரண்டும் கலந்து கிடந்தால்? தண்டையும் இலையையும் சேர்த்து நிறுத்ததாகத் தோன்றிய சில வழக்குகளில் உயர் நீதிமன்றங்கள் ஜாமீன் வழங்கியுள்ளன. வேறு சில வழக்குகளில் இந்த வாதம் எடுபடவில்லை.

இதையெல்லாம் மாணவனிடம் சொன்னேன். மாமாவின் பொட்டலத்தை அவன் மறந்தேவிட்டான். இரண்டு நாள் கழித்து, அந்தத் தெருப் பையனின் குற்றப்பத்திரிகை நகலோடு வந்தான். எடை 1 கிலோ 150 கிராம். எதிரில் ‘இலை, தண்டு, விதை, பூ கலந்தது’ என்று எழுதியிருந்தது. ஓராண்டுக்கும் பத்தாண்டுக்கும் இடையே இருந்தது 150 கிராம். நூற்றைம்பது கிராம் விதையும் தண்டும் எவ்வளவு இருக்கும் என்று கேட்டான். இரண்டு கைப்பிடி இருக்கலாம் என்றேன். அவற்றைப் பிரித்துத் தனியே நிறுக்க வேண்டும் என்று அவர்களுடைய வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். வாய்தா அடுத்த மாதம்.