துருக்கிய ஹமாமும் பயணியின் பார்வையும்

பயண இலக்கியங்கள் தாம் விபரிக்கும் நாட்டைப் பற்றிக் கூறுவதிலும் பார்க்க, அவற்றை எழுதியோரின் சமூக நிலை பற்றியே பல வேளைகளில் அதிகம் கூறுகின்றன. துருக்கிக்குச் சென்ற ஐரோப்பியப் பயணிகள் சலிப்பின்றி வருணித்த ஹமாம் எனும் பொதுக் குளியலகம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நீராவியையும் பளிங்கையும் உடல்களையும் அவர்கள் கண்டனர். அந்நீரைச் சூடேற்றியவர் யார், அவ்வுடல்களைத் தேய்த்தவர் யார், அதனால் வந்த வருவாய் எங்கே சென்றது என்னும் வினாக்கள் அவர்களது பக்கங்களிற் பெரும்பாலும் எழவில்லை. அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஹமாமின் அமைப்பினை நோக்குவோம். உடை களையும் மண்டபம், இளஞ்சூடான இடைக்கூடம், குவிமாடத்தின் கீழ் அமைந்த வெப்பக்கூடம் என அது மூன்று பகுதிகளைக் கொண்டது. வெப்பக்கூடத்தின் நடுவே 'கோபெக் தாஷி' எனும் பளிங்கு மேடை உண்டு. கொப்பூழ்க்கல் என்பது அதன் பொருள். இடுப்பிலே துண்டு கட்டிய ஒருவர் அம்மேடையிற் கிடந்து வியர்த்தபின், 'தெல்லாக்' எனப்படும் ஊழியர் முரட்டுத் துணியுறையால் அவரது உடலைத் தேய்த்து அழுக்குருட்டுவார். பெண்கள் பகுதியில் இப்பணியைச் செய்பவள் 'நாத்திர்' எனப்பட்டாள். சுவரோரத் தொட்டியில் விழும் நீரை அள்ளி மேலே வார்ப்பதே குளிக்கும் முறை.

இம்மேடையின் சூடு தரைக்குக் கீழிருந்து வருவது. 'குல்ஹான்' எனும் உலையில் விறகு எரிய, வெப்பமும் புகையும் தரைக்கடியிலுள்ள வெற்றிடத்திற் பரவிச் சுவர்க்குழாய்கள் வழியே மேலெழும். உரோமர் கையாண்ட நுட்பம் பைசாந்தியத்தின் ஊடாக இங்கு தொடர்ந்தது எனலாம். அவ்வெற்றிடத்திற்குத் துருக்கியர் இட்ட பெயர் நரகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த 'ஜெஹென்னெம்லிக்' என்பதாகும். வீடற்ற சிறுவர் குளிர்காலத்தில் உலையறைகளிலே தங்கினர். அவர்களைச் சுட்டிய 'குல்ஹான்பெயி' என்ற சொல் பின்னர் தெருச்சண்டியன் எனப் பொருள்படலாயிற்று. மேலே இன்பமும் கீழே நரகமுமாக அமைந்த இக்கட்டடம் சமூகத்தின் அமைப்பையே கல்லிற் காட்டியது போலும்.

ஹமாமின் பொருளாதார அடித்தளமும் மனங்கொள்ளத்தக்கது. சமயத் தூய்மைக்கு நீராடல் இன்றியமையாததாக இருந்தமையால் ஹமாம் நிலையான வருவாய் தரும் சொத்தாயிற்று. 1584இல் எழுந்த செம்பெர்லித்தாஷ் ஹமாமை நூர்பானு சுல்தான் கட்டுவித்தது, உஸ்குதாரில் அவர் நிறுவிய அறக்கட்டளையின் செலவுக்காகவே. 1741இல் முதலாம் மஹ்மூத் கட்டுவித்த ஜாகாலோலு ஹமாமின் வருவாய் ஆயா சோபியாவில் அவர் அமைத்த நூலகத்திற்குச் சென்றது. பள்ளிவாசலும் நூலகமும் ஆள்வோரின் கொடைகளாக வரலாற்றிலே புகழப்படுகின்றன. அக்கொடையின் ஒரு பகுதி உலைக்காரனதும் தெல்லாக்கினதும் உழைப்பிலிருந்து பெறப்பட்டது என்பது எந்தக் கல்வெட்டிலும் இடம்பெறும் செய்தியன்று.

ஆயினும் அவ்வுழைப்பாளி ஒருமுறை வரலாற்றின் முன்னரங்கிலே தோன்றினான். 1730 செப்டெம்பர் 28ஆம் திகதி இஸ்தான்புல்லில் வெடித்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய பத்ரோனா ஹலீல், அல்பானியப் பின்னணி கொண்ட ஜனிசரிப் படைவீரன். பயசித் ஹமாமிலே தெல்லாக்காக வேலை செய்தவன் என்று கூறப்படுபவன். பாரசீகப் போரில் ஏற்பட்ட இழப்புகளும் வரிச்சுமையும் அரசவையின் ஆடம்பரமும் மக்களைக் கொதிப்படையச் செய்திருந்தன. முதலமைச்சர் இப்ராஹிம் பாஷா கொல்லப்பட்டார். மூன்றாம் அஹ்மத் அரியணை இழந்தார். புதிய சுல்தானான முதலாம் மஹ்மூத்தின் அரண்மனையிலேயே அதே ஆண்டு நவெம்பரில் ஹலீலும் கொல்லப்பட்டான். அதன்பின் அல்பானியர் ஹமாம்களில் வேலைக்கு அமர்வதை அரசு கட்டுப்படுத்த முனைந்தது. 1752இல் தலைநகரின் ஹமாம் ஊழியர் பற்றிய பதிவேடு ஒன்றும் தயாரிக்கப்பட்டது. பயணிகள் காணாத தொழிலாளியை அரசு நன்றாகவே கண்டிருந்தது.

இப்பின்னணியிலே சீமாட்டி மேரி வோட்லி மொன்ரேகுவின் கடிதங்களை வாசித்தல் பயனுடையது. பிரித்தானியத் தூதுவரின் மனைவியான அவர், 1717இல் சோபியா நகரின் பெண்கள் குளியலகத்திற்குச் சென்றார். ஆண் பயணிகளின் கற்பனைகளை மறுத்து, அதனைப் பெண்களின் கோப்பிக்கடை என மதித்தமை அவரது சிறப்பு. தமது இறுகிய உள்ளாடையைக் கண்ட பெண்கள், கணவன் மனைவியைப் பூட்டிவைக்கும் பொறி அது என எண்ணியதாகவும் அவர் எழுதினார். ஆனால் ஆடையின்மையால் அங்கு உயர்வு தாழ்வு தெரியவில்லை எனக் கூறும் அதே இடத்தில், சீமாட்டிகள் முன்வரிசையிலும் அடிமைப் பெண்கள் பின்வரிசையிலும் அமர்ந்திருந்ததையும், அடிமைகள் தம் தலைவியரின் கூந்தலைப் பின்னியதையும் குறிப்பிடுகிறார். கண் கண்ட வர்க்க வேறுபாட்டைக் கருத்து மறைத்துவிடுகின்றது.

1763இல் அச்சேறிய இக்கடிதங்களின் பகுதிகளைப் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் தமது குறிப்பேட்டிற் பெயர்த்தெழுதிக்கொண்டார். கிழக்கே ஒருபோதும் பயணஞ் செய்யாத அவர், 1862ஆம் ஆண்டைத் தாங்கிய 'துருக்கியக் குளியல்' ஓவியத்தில் பெண்களை வட்டச் சட்டத்துள்ளே குவித்தார். மொன்ரேகுவின் பேசும் பெண்கள் இங்கே பார்க்கப்படும் பண்டங்களாயினர். முதலாளித்துவ ஐரோப்பா கீழைத்தேயத்தை நுகர்ந்த முறைமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வேறொரு போக்கும் இருந்தது. டேவிட் உர்க்கார்ட் 1850இல் வெளியிட்ட பயணநூலில் ஹமாமைப் போற்றினார். அதனால் ஈர்க்கப்பட்ட மருத்துவர் ரிச்சர்ட் பார்ட்டர் 1856இல் அயர்லாந்தின் பிளார்னியில் அத்தகைய குளியலகம் அமைத்தார். உர்க்கார்ட்டின் அரசியற் குழுக்களிலிருந்த தொழிலாளர் சிலர் ஆங்கில நகரங்களிலும் இவற்றைத் தொடங்கினர். உர்க்கார்ட்டின் ரஷ்ய எதிர்ப்பில் வெறியைக் கண்ட மார்க்ஸும் அவர் சார்பு இதழ்களில் எழுதியவரே. ஆலைப் புகையில் உழன்ற தொழிலாளிக்குத் தூய்மை உரிமையாகலாம் என்ற எண்ணம் அங்கு அரும்பியது.

1768இல் மூன்றாம் முஸ்தபா விறகையும் நீரையும் சிக்கனப்படுத்தத் தலைநகரிற் புதிய ஹமாம்கள் கட்டுவதைத் தடுத்தார். பின்னர் வீடுதோறும் குழாய்நீர் வந்தபோது ஹமாமின் அன்றாடத் தேவை குன்றியது. இன்று செம்பெர்லித்தாஷிலும் ஜாகாலோலுவிலும் உல்லாசப் பயணிகளே பெருமளவிற் குளிக்கின்றனர். பொதுமக்களின் தேவை பண்டமாக மாறிய இக்காலத்திலும் கொப்பூழ்க்கல்லின் அருகே தேய்ப்பதற்கு ஒரு கை இருக்கவே செய்கின்றது. அக்கையிலிருந்து தொடங்கும்போதே ஹமாமின் வரலாறு முழுமை பெறும்.