மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்: எது 'ஒரிஜினல்'?

யாழ்ப்பாணத்தில் பூமாலை கட்டிக்கொண்டு ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜோ கலியாணவீட்டுக்குப் போனால், நாங்கள் உடனே போனை எடுத்துப் படம் பிடிக்கிறம். அதை வீட்டு முற்றத்தில் வைத்து மாதக்கணக்காகத் திருத்தியெடுத்தவரிடம் கேட்டால் பெருமையாகச் சொல்லுவார்: "எல்லாம் ஒரிஜினல்." இந்தக் கட்டுரை அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றியது. ஒரிஜினல் எண்டால் எது? 1950களில் இங்கிலாந்தில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் அந்தக் கார் இருந்த நிலையா? அல்லது எங்கட ஒழுங்கைகளில் அறுபது எழுபது வருடம் ஓடி அது வந்து சேர்ந்த நிலையா?

முதலில் இந்தக் கார்கள் ஏன் இங்கே இவ்வளவு காலம் நிலைத்தன எண்டு பார்ப்பம். மொறிஸ் மைனர் 1948 இல் லண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார், 1970களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 16 இலட்சம் செய்யப்பட்டது. ஒஸ்ரின் ஏ40, பிறகு கேம்பிரிட்ஜ் ஏ50, ஏ55, ஏ60 எண்டு மற்றொரு வரிசை. சுதந்திரத்துக்குப் பிறகான ஆண்டுகளில் இவை கொழும்புக்குக் கப்பலில் வந்து இறங்கின. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வர, கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை புதுக் கார் வாங்குவது பெரும்பாலானோருக்குக் கனவுதான். ஆகவே இருந்த காரைத் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அப்போது அது பொழுதுபோக்கு அல்ல, வேறு வழி இல்லை.

காரின் இலக்கத்தகடே ஒரு வரலாற்று ஆவணம். பழைய தகடுகளில் ஆங்கில எழுத்துகள் இருக்கும்: ஈ.என்., ஈ.எல்., சி.வை. போல. சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து எடுத்தவை அவை. தனிச்சிங்களச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டு, 1957 இல், புதிய வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராடியது. சிங்கள எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள், அந்த இடத்தில் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். 1958 இல் அந்த எழுத்தோடு வடக்குக்கு வந்த பஸ்களால் பிரச்சினை மீண்டும் கொதித்தது. ஒரே மாதிரி இரண்டு ஒஸ்ரின் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், எது 1957 இற்கு முன், எது பின் எண்டு தகட்டைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இது எந்த இங்கிலாந்துக் கையேட்டிலும் இல்லாத விஷயம்.

ஆனால் இந்தக் கார்களை உண்மையில் எங்கட கார்களாக ஆக்கியது 1990 இற்குப் பிறகான பொருளாதாரத் தடை. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் வெடித்தது. குடாநாட்டுக்கு வரக்கூடாத பொருட்களின் பட்டியலில் பெற்றோலும் பற்றரியும் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டதும், ஜாம் போத்தல் விளக்கில் படித்ததும் வீட்டில் எல்லாரும் கேட்ட கதைகள்தான். அதே காலத்தில்தான் ஹயர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின. அதுவும் தாராளமாகக் கிடைக்கேல்ல, விலையும் குறைவில்லை.

பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயில் எப்படி ஓடும்? இதை விளங்கிக்கொண்டால்தான் அந்தத் தலைமுறை செய்த வேலையின் அளவு தெரியும். பெற்றோல் குளிரிலேயே ஆவியாகிக் காற்றோடு கலக்கும். மண்ணெண்ணெய் ஆவியாக வெப்பம் வேணும். அதனால் குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஸ்ராட் எடுப்பது கஷ்டம். முதலில் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும். ஒரு சின்னப் போத்தலும் ஒரு குழாயும் அதற்குப் போதும். பெற்றோல் தங்கம் மாதிரி இருந்த காலத்தில் அந்த முதல் சில துளிகளைத்தான் பாதுகாத்தார்கள்.

இரண்டாவது சிக்கல் நொக்கிங். மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு பெற்றோலைவிட மிகக் குறைவு. எஞ்சினுக்குள் அழுத்தம் கூடினால், பிளக் பொறி பற்றவைத்ததில் இருந்து தீ பரவி முடியமுதலே மீதி எரிபொருள் தானாக வெடிக்கும், பிஸ்ரன் அடிவாங்கும். இங்கேதான் பழைய காரின் பலவீனம் பலமானது. ஏ40 போன்றவற்றின் அழுத்த விகிதம் 7 இற்கு 1 அளவில்தான். இன்றைய கார்களில் அது 10 இற்கு மேலே போகும். குறைந்த அழுத்தத்தில், பொறி விழும் நேரத்தையும் கொஞ்சம் பிந்தவைத்தால், மண்ணெண்ணெயைச் சமாளிக்கலாம்.

இந்த அறிவு வானத்தில் இருந்து விழவில்லை. 1940களின் இறுதியில் வந்த பெர்குசன் ட்ராக்டரின் ஒரு வகை, பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கும் மண்ணெண்ணெய் மெஷினும் அதே முறைதான். புகையிலை, வெங்காயத் தோட்டக்காரருக்குப் பழக்கமான வேலையைக் கார் எஞ்சினுக்குக் கொண்டுபோனதுதான் கராஜ்காரரின் கெட்டித்தனம்.

இதைப் புகழ்ந்து முடித்துவிட்டால் நாங்கள் பாதிக் கதையைத்தான் சொன்னதாகும். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி ஒழுகி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், பெயாரிங் தேயும், பிளக்கிலும் வால்விலும் கரி பிடிக்கும். மண்ணெண்ணெய் ஓட்டம் ஒவ்வொரு நாளும் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அந்தக் கார்களில் போனவர்களும் சுற்றுலா போகவில்லை. நோயாளியும் பிள்ளைப்பேற்றுக்குப் போற பெண்ணும் அதற்குள் இருந்தார்கள். கெட்டித்தனத்தைக் கொண்டாடும்போது, அந்தக் கெட்டித்தனத்தைக் கட்டாயமாக்கிய தடையை மறக்கிறது நியாயமில்லை.

அதே 1990களில் இதே தீவின் தெற்கில் வேறொரு கதை நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் திருத்தும் நிலையம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து, தென்னிலங்கையில் அந்தக் காருக்கான உதிரிப்பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். ஒரே கார், ஒரே தீவு, ஒரே பத்தாண்டு. அங்கே அது ஏற்றுமதி. இங்கே தப்பிப் பிழைக்கும் வழி. இலங்கையில் பழைய கார்களின் வரலாற்றை யாராவது எழுதினால் இரண்டும் ஒரே பக்கத்தில் வரவேணும்.

இப்ப திரும்பி 'ஒரிஜினல்' எண்ட சொல்லுக்கு வருவம். இன்று வீட்டில் ஒரு கேம்பிரிட்ஜைத் திருத்தத் தொடங்கினால் முதலில் குப்பைக்குப் போறது எது? ஊரில் கடைந்து போட்ட புஷ், வேறு வாகனத்தில் இருந்து கழற்றிப் பொருத்திய கார்பரேற்றர், பொனற்றுக்குள் கம்பியால் கட்டிய போத்தல் தாங்கி. அதாவது 1990 முதல் 1995 வரையான சாட்சியம் முழுக்க. அதற்குப் பதிலாக இணையத்தில் வாங்கிய பளபளப்பான பாகங்கள் வருகின்றன. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட ரூறின் சாசனமே, ஒரு வாகனத்தைத் தொழிற்சாலையில் இருந்து வந்த நாளின் நிலைக்குத்தான் திருப்பவேணும் எண்டில்லை என்கிறது. அது வாழ்ந்த காலத்தின் அடையாளங்களும் அதன் வரலாறுதான்.

ஆகவே காரை மண்ணெண்ணெயிலேயே ஓட்டுங்கோ எண்டு நான் சொல்லவில்லை. பிரேக்கை நல்லதாக மாற்றுங்கோ, சீற் பெல்ற் போடுங்கோ, எஞ்சினைச் சுத்தமாகப் பெற்றோலுக்குத் திருப்புங்கோ. உயிர் முக்கியம். ஆனால் ஒரு பாகத்தைக் கழற்றமுதல் அது இருந்த இடத்திலேயே படம் எடுங்கோ. கழற்றியதை ஒரு பெட்டியில் போட்டு, எந்தக் காரில் எந்த இடத்தில் இருந்தது எண்டு எழுதி வையுங்கோ. பழைய இலக்கத்தகட்டை மேல்பூச்சுப் பூசி மறைக்காதேங்கோ. அந்தக் காலத்தில் கராஜ் வைத்திருந்தவர்களுக்கு இப்ப வயது போயிட்டுது. எங்கட நூலகங்களில் யுத்தகாலத்தின் அரசியல் பற்றி எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு டிஸ்ரிபியூற்றரை எவ்வளவு திருப்பினார்கள் எண்டு அவர்களிடம் போய்த்தான் கேட்கவேணும். போனில் ஒலிப்பதிவு போட்டுவிட்டு ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்தால் போதும்.