குருதி சொன்ன சாட்சியம்

1922ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், கனடாவின் ரொறன்ரோ நகரில், சலரோகம் என வழங்கும் நீரிழிவினால் வாடிய பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதன்பின், மாதக்கணக்கில் மடிந்துவந்த நோயாளர் ஆண்டுக்கணக்கில் வாழலாயினர். ஆயின், சாவு விலகிய இடத்தில் வேறொரு துன்பம் தலைகாட்டிற்று. காலஞ் செல்லச் செல்லப் பலருக்குக் கண்ணொளி மங்கிற்று, சிறுநீரகம் சோர்ந்தது. இவ்வுறுப்புக்களின் நுண்ணிய குருதிக் குழாய்கள் சிதைந்திருந்தமை தெரியவந்தது.

இச்சிதைவுக்குக் காரணம் யாது? குருதியில் மிகுந்த சீனியே என்றனர் ஒரு சாரார். நோயோடு உடன்பிறந்த கேடு இது. சீனியைக் குறைத்தாலும் தப்ப இயலாது என்றனர் மறு சாரார். இவ்வழக்கைத் தீர்க்கத் தக்க சாட்சி கிடைக்கவில்லை. குருதியிலுள்ள சீனி வேளைக்கு வேளை ஏறி இறங்குவது. வைத்தியரைக் காணுமுன் இரண்டு நாள் உணவைக் குறைத்தவருடைய குருதியும் நற்சான்றே பகரும்.

சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஈரான் நாட்டுத் தெஹ்ரான் நகரில், சாமுவேல் ராபார் என்னும் ஆய்வாளர், ஈமோகுளோபினிற் பரம்பரையாக வரும் வேறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்தார். நீரிழிவுடையோர் குருதியில் ஒருவகை ஈமோகுளோபின் மிகுந்திருப்பதை அவர் கண்டு, 1968இல் வெளியிட்டார். செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாள் வாழும். அவ்வாழ்நாளிற் சீனி அதன் ஈமோகுளோபினிற் சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே, அவ்வாறு ஒட்டிய பங்கை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்குப் புலப்படும். இவ்வளவு சீனியின் கட்டுப்பாட்டோடு ஏறி இறங்குவதை, 1976இல் அமெரிக்க ஆய்வாளர் ஐந்து நோயாளரிடத்துக் காட்டினர்.

இவ்வளவுகோலைக் கைக்கொண்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலினை நம்பி வாழ்ந்த 1,441 நோயாளர் 1983 முதல் 1993 வரை ஆராயப்பட்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரிடத்து அப்பங்கு நூற்றுக்கு 9 அளவில் நின்றது. சீனியைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோரிடத்து 7 அளவுக்கு இறங்கிற்று. தொடக்கத்திற் கண் பழுதுபடாதிருந்தோருள், பின்னவருக்கு விழித்திரை நோய் தோன்றும் அபாயம் நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. சிறுநீரகமும் நரம்பும் பெரிதும் காக்கப்பட்டன.

நெடுங்கால வழக்குத் தீர்ந்தது. குழாய்களின் சிதைவு பெரும்பாலும் தடுக்கத்தக்கதே. கண் மங்கியபின் வரும் அறிவு காலங்கடந்தது. ஒரு துளிக் குருதியோ, அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எச்சரிக்கின்றது. அவ்வெச்சரிக்கைக்குச் செவிசாய்த்தல் நோயாளர் கடன். அச்சோதனையை எளியவருக்கும் எட்டச் செய்தல் சமுதாயத்தின் கடன்.