இரட்டையரும் மாறுகண்ணும்

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் இரட்டைப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். அச்சில் வார்த்தது போல் ஒரே முகம். மூத்தவனுக்கு மட்டும் இடது கண் உள்பக்கம் சாய்ந்திருக்கும். எங்களுக்கு அதுதான் அடையாளம். 'ஒன்றரைக்கண்ணன்' என்றே கூப்பிடுவோம், நானுந்தான்.

தம்பி வாயாடி, பந்தாட்டத்தில் சூரன். அண்ணன் கைக்கு வந்த பந்தைத் தவறவிடுவான். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். "கண்ணைப் போலத்தான் குணமும்" என்பார்கள் பெரியவர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன், இரட்டையர்களைப் பற்றிக் கேள்வித்தாள் அனுப்பிப் பதில்களைத் திரட்டி, 1875இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வளர்ப்பைவிடப் பிறவியே வலியது என்பது அவர் முடிவு. ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிலும் ஒருவருக்கு மட்டும் மாறுகண் வருவதுண்டு. பிறவி ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை.

அதே காலத்தில் பாரிசில் எமில் ழவால் என்பவர் இருந்தார். சுரங்கப் பொறியாளராக இருந்து கண் மருத்துவரானவர். தம் சகோதரியின் மாறுகண்ணைச் சரிசெய்ய முயன்றவர். ஸ்டீரியோஸ்கோப் கருவியில் கண்ணுக்கு ஒரு படமாகக் காட்டி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப் பழக்கினார். 1896இல் மாறுகண் பற்றி ஒரு கையேடும் எழுதினார். பின்னாளில் கிளாக்கோமாவால் அவரே பார்வை இழந்தார் என்பது விதியின் விளையாட்டு.

இரு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காவிட்டால், மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். அப்போது தூரம் சரியாகப் பிடிபடாது. நம் நண்பன் பந்தைத் தவறவிட்டது அதனால்தான் போலும். நாங்கள் சிரித்தோம்; அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். மாலையில் கடற்கரையில் தம்பியோடு தனியாக இருக்கையில் அவன் ஓயாமல் பேசிச் சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன். பிறவிக் குணம் என்று நாங்கள் நினைத்தது, நாங்கள் கொடுத்த குணம்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அப்படி இருந்தால் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்; சிறு வயதிலேயே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டப்பெயர் மட்டும் வைக்க விடாதீர்கள். அவனை ஒரு நாளாவது சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம் என்று இந்த வயதில் நினைத்துக்கொள்கிறேன்.