வலையைப் பிரித்தால் காவல் கூடுமா?



பால்மரக் காட்டில் வெள்ளை வேர் நோய் கண்டால் என்ன செய்வார்கள் என்பது நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு மரத்தின் வேர் அடுத்த மரத்தின் வேரைத் தொடும் வழியே அந்நோய் பரவுகிறது. ஆகவே நோய் கண்ட மரங்களைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, நல்ல மரங்களிலிருந்து பிரித்து வைப்பதுண்டு. கணினிகளைக் காப்பதிலும் இத்தகைய முறை உண்டு. ஒரே வலையில் இணைந்த கணினிகளைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்குப் பகுதி வாசலும் காவலும் வைப்பதே அது. இதனால் பாதுகாப்பு கூடுகிறதா? வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அர்ப்பாநெட் என்னும் கணினி வலை தொடங்கியது. முதலில் அதில் இணைந்தவை நான்கே இடங்கள். நாளடைவில் பல்கலைக்கழகங்களும் இராணுவ அலுவலகங்களும் அந்த ஒரே வலையில் சேர்ந்தன. ஆராய்ச்சியாளருக்குத் திறந்த கதவு வேண்டும்; இராணுவத்திற்கோ மூடிய கதவு வேண்டும். எனவே 1983-இல் வலையை இரண்டாகப் பிரித்தார்கள். இராணுவப் பகுதிக்கு மில்நெட் என்று பெயர். இரண்டுக்கும் இடையே கடிதப் போக்குவரத்துக்கென்று சில வாசல்களை மட்டும் வைத்தார்கள். ஆபத்து வந்தால் அவற்றை அடைத்துவிடலாம் என்பது ஏற்பாடு.

அந்த ஆபத்து 1988 நவம்பர் 2-ஆம் நாள் வந்தது. ராபர்ட் மோரிஸ் என்னும் மாணவர் எழுதிய நிரல் ஒன்று, புழுவைப் போலக் கணினி விட்டுக் கணினி தாவியது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்று அப்போது மதிப்பிட்டார்கள். மறுநாள் மில்நெட்டின் வாசல்களை அடைத்தார்கள். ஆனால் அதற்குள் புழு உள்ளேயும் புகுந்துவிட்டது. வாசல் இருந்தும், அது திறந்தே கிடந்ததால் வந்த வினை இது.

நமக்கு அருகிலேயே நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். 2017-இல் சிங்கப்பூர் அரசாங்கம் தன் ஊழியர்களின் அலுவலகக் கணினிகளை இணையத்திலிருந்து பிரித்தது. பொது மருத்துவமனைகளில் அப்பிரிவினை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. 2018-இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவு போயின. அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேருக்குக் கொடுத்த மருந்துகளின் விவரமும் போயிற்று. களவாடியவர்கள் முதலில் பிடித்தது ஊழியர் பயன்படுத்தும் சாதாரணக் கணினியைத்தான். அங்கிருந்து படிப்படியாக உள்ளே நகர்ந்தார்கள். தேவையில்லாமல் திறந்திருந்த ஓர் இணைப்பு அவர்களை நோயாளிகளின் பதிவேட்டிடமே கொண்டு சேர்த்தது என்று விசாரணைக் குழு கண்டது. பூட்டுப் போனால் வேறு பூட்டு வாங்கலாம். பிறந்த தேதியை யாரால் மாற்ற முடியும்?

அப்படியானால், முழுவதும் துண்டித்துவிட்டால் போதுமா? அதுவும் போதாது. ஈரானின் நத்தான்ஸ் அணுசக்தி நிலையத்தின் இயந்திரக் கணினிகள் இணையத்தோடு சேராதவை. ஆயினும், 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீய நிரல் அங்கும் நுழைந்தது. ஆள் கையோடு எடுத்துச் செல்லும் சிறிய பென் டிரைவ் வழியாகவும் பரவக்கூடிய நிரல் அது.

ஆக, நாம் கண்ட உண்மை இதுதான். பிரிவினை திருடனை வரவிடாமல் தடுக்கும் மந்திரம் அன்று. ஓர் அறையில் புகுந்தவன் வீடு முழுவதையும் சூறையாடாதபடி தடுக்கும் சுவர் அது. அவன் அடுத்த அறைக்கு வழி தேடும் நேரத்தில் காவலர் விழித்துக்கொள்ளவும் அது உதவும். ஆனால் வெட்டிய பள்ளத்தைக் கவனியாமல் விட்டால், மண் சரிந்து, வேர்கள் மறுபடியும் கை கோத்துக்கொள்ளும். பள்ளம் வெட்டுவது ஒரு நாள் வேலை. அதைத் தூர்வாரி வைப்பது என்றும் உள்ள வேலை.

நம் பிள்ளைகள் பலர் அலுவலகங்களில் கணினியின் முன் அமர்கிறார்கள். கீழே கிடந்த பென் டிரைவை வேலையிடத்துக் கணினியில் செருகாதே என்று அவர்களிடம் சொல்லிவைப்போம். அந்தப் பள்ளத்தைக் காக்கும் பொறுப்பில் அவர்களுக்கும் பங்குண்டு.